இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டது.)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'நீரிழிவும் நவீன தொழில்நுட்பமும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு இருபது நிமிடம் போதாது. நான் அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உடம்பில் ஒட்டிக்கொண்டு சீனியை அளக்கும் சென்சர், அந்த அளவைப் பார்த்துத் தானே இன்சுலின் கொடுக்கும் பம்ப். இந்த இரண்டும் யாருக்காக, எதற்காக, நம் மலைப்பக்கத்தில் அவற்றை வைத்து இப்போது என்ன செய்யலாம் என்பதுதான் என் பேச்சு.

றொசல்லயிலிருந்து வந்த எங்களுக்கு இந்தப் பாடசாலையில் 'லேட் றொசல்ல' என்று ஒரு பெயர் இருந்தது. ரயில் பிந்தினால் நாங்களும் பிந்துவோம். வட்டவளைப் பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு வரவே மாட்டோம். அந்த ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் பட்ச்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

1994. நாங்கள் ஆண்டு 9. அவள் இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். இடைவேளைக்கு மணி அடித்தால் பைப்படிக்கு ஓடுவாள். வீட்டில் பயந்திருக்கிறாள் என்று கயிறு கட்டினார்கள். கடைசியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் சீனி வருத்தம் என்று தெரிந்தது. பதினான்கு வயதில் சீனி வருத்தமா என்று லயமே ஆச்சரியப்பட்டது. இன்சுலின் போத்தலைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் குளிருக்கு அது ஓரளவு தாங்கியது. ஊசி ஒன்று பத்து நாளைக்கு. சீனியை அளக்கச் சிறுநீரை பெனடிக்ட் கரைசலோடு கொதிக்க வைத்து நிறம் பார்ப்பார்கள். நீலம் என்றால் நல்லது, செங்கட்டி நிறம் என்றால் கூடாது. நாங்கள் விஞ்ஞானகூடத்தில் பாஸாவதற்காகச் செய்த பரிசோதனையை அவள் தினமும் அடுப்படியில் செய்தாள்.

அந்த வருடம் நான் வகுப்புத் தலைவி. ஒருநாள் மூன்றாம் பாடவேளையில் அவள் வாயில் டொபி இருப்பதைக் கண்டு, சட்டைப்பையில் இருந்த மற்ற இரண்டையும் வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வருத்தத்தை வெளியில் சொல்லக்கூடாது, சொன்னால் பிறகு கலியாணம் நடக்காது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் வியர்த்துக் கொட்டி மேசையிலேயே சாய்ந்தாள். மனையியல் டீச்சர் சீனிப் போத்தலோடு ஓடி வந்தார். கரைத்துக் கொடுத்ததும் எழும்பிவிட்டாள். டீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். நன்றி டீச்சர், முப்பத்தொரு வருடம் பிந்தி.

அதனால்தான் வைத்தியரானேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. நான் அதை மறந்துவிடத்தான் பார்த்தேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நீரிழிவு என்றதும் நம் எல்லோருக்கும் நினைவு வருவது இரண்டாம் வகை. நாற்பது, ஐம்பது வயதில் வருவது; சாப்பாடு, எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்தது. 2005ஆம் ஆண்டளவில் இலங்கையில் நடந்த ஆய்வில் வயதுவந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இப்போது அதைவிட அதிகம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கிற நம் ஊர்ப் பழக்கத்தை நான் திட்டுவது இந்த வகைக்காகத்தான். தோழியுடையது முதலாம் வகை. சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும். அவள் சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. இன்சுலின் இல்லாமல் சில நாட்கள்கூடத் தாங்காது. அந்த இன்சுலினுக்கு நம் பாடசாலையை விட மூன்று வயதுதான் கூட. 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு ஏற்றினார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். டொரன்டோ தோழிகள் அந்த ஊரைப் பற்றி இதையும் சொல்லிப் பெருமைப்படலாம்.

இன்சுலின் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அளவு ஒரு சொட்டுக் கூடினால் சீனி விழுந்துவிடும். அளவு குறைந்தால் சீனி ஏறும். ஏறியே இருந்தால் பத்து, பதினைந்து வருடத்தில் கண், சிறுநீரகம், கால். 1993இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 1,441 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், ஆரம்பத்தில் கண்ணில் கோளாறு இல்லாதவர்களுக்கு அது வரும் ஆபத்து 76 வீதம் குறைந்தது. அதே ஆய்வில் அதே ஆட்களுக்கு, பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சீனி விழுவது மூன்று மடங்கானது. வைத்தியர்கள் முதல் பாதியைப் படித்துவிட்டு நோயாளிகளைத் திட்டக் கற்றுக்கொண்டோம். இரண்டாம் பாதியோடு வாழ்ந்தவர்கள் நோயாளிகள்.

நான்கு வருடங்களுக்கு முன், மலையகத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் என் கிளினிக்குக்குத் தோழி வந்தாள். இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலை. கணவர் கொழும்பில். வீட்டில் அவளும் பன்னிரண்டு வயது மகளும்தான். ஒரு கண்ணுக்கு ஏற்கனவே லேசர் செய்திருந்தது. கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். காலை வெறும் வயிற்றுச் சீனி ஒவ்வொரு முறையும் 240, 260, 250. இரவு டோஸைக் கூட்டி எழுதினேன். அடுத்த மாதமும் அதே. இன்னும் கூட்டினேன். மூன்றாம் மாதம் எல்லா வைத்தியரும் கேட்பதைக் கேட்டேன். "ஏன் நீ கட்டுப்பாடாக இருப்பதில்லை?"

அவள் என்னை 'டொக்டர்' என்றுதான் அதுவரை கூப்பிட்டாள். அன்றைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ராத்திரி ரெண்டு மணிக்கு நீ வந்து எழுப்புவியா?"

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நான் எழுதியபடி ஊசி போட்ட இரவுகளில் நடுச்சாமத்தில் வியர்த்து எழும்புவாள். சில இரவு எழும்பவே மாட்டாள். மகள் எழும்பி அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் சீனித் தண்ணி. மகளுக்கு அது ஏழு வயதிலிருந்து பழக்கம். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பாடசாலையிலிருந்து குறிப்பு வந்திருந்தது. அதனால் பயந்த இரவுகளில் தோழி பாதி டோஸ்தான் போடுவாள். சீனி ஏறிக்கிடந்தால் கண்தான் போகும், இறங்கினால் பிள்ளை அநாதை. இது அவள் போட்ட கணக்கு. அதை அறியாமை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் அந்த இரண்டு மணிக்காகத்தான் வந்தது என்பது என் கருத்து.

சென்சர் என்பது ஒரு பெரிய நாணயம் அளவு. மேற்கையில் ஒட்டுவார்கள். தலைமயிர் போல ஒரு இழை தோலுக்குக் கீழே சில மில்லிமீற்றர் போகும். அது இரத்தத்தை அளப்பதில்லை. கலங்களுக்கு இடையில் உள்ள நீரில் குளுக்கோசை அளக்கிறது. ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், பத்து முதல் பதினைந்து நாள் வரை. இரத்தத்தில் சீனி மாறி ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் அந்த நீரில் தெரியும். பம்ப் பெட்டி இடுப்பில் இருக்கும். மெல்லிய குழாய் வழியே சிறிது சிறிதாக இன்சுலின் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்குப் போடும் மென்பொருள். சீனி இறங்கப் போகிறது என்று கண்டால் இன்சுலினை நிறுத்தும், ஏறப் போகிறது என்றால் கூட்டும்.

'இறங்கப் போகிறது' என்பதுதான் இதில் முக்கியம். என் அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் டிரையரில் இரவு வேலை செய்தார். விறகைப் போட்டவுடன் சூடு ஏறாது. சற்று நேரம் கழித்துத்தான் ஏறும். தெர்மோமீட்டர் இப்போது காட்டுவதைப் பார்த்து விறகு போடுகிறவன் தேயிலையைக் கருக்கிவிடுவான் என்பார். சூடு எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, முன்பு போட்ட விறகு இன்னும் எவ்வளவு மிச்சம் எரிய இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துப் போட வேண்டும். தோலுக்குக் கீழ் போட்ட இன்சுலினும் அப்படித்தான், மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த மென்பொருள் பார்ப்பதும் அதே மூன்றைத்தான். அப்பா இருந்திருந்தால் எனக்கு இதைப் படிப்பித்திருப்பார்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1960களில் லொஸ் ஏஞ்சலிஸில் ஆர்னோல்ட் கடிஷ் என்ற வைத்தியர் செய்தது முதுகில் சுமக்கும் பை அளவு. 1970களில் வந்த இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் அலுமாரி. நரம்பிலிருந்து இரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தோலுக்குக் கீழ் அளக்கும் முதல் சென்சருக்கு 1999இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டையும் இணைத்து, இன்சுலினைத் தானே கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் முதல் பம்புக்கு 2016இல். அதற்கு முன்பே நோயாளிகள் பொறுமை இழந்துவிட்டார்கள். அமெரிக்காவில் டானா லூயிஸ் என்ற இளம்பெண், தனியாக வசித்தவர், ஆழ்ந்து தூங்குகிறவர். சென்சரின் அலாரம் தன்னை எழுப்பாது என்ற பயத்தில் 2013இல் நண்பரோடு சேர்ந்து சத்தமான அலாரம் ஒன்றைத் தானே எழுதினார். அது வளர்ந்து பம்பையே இயக்கும் முறையாகி, 2015இல் அதன் விபரத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். அவரைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோழியின் கேள்விக்குப் பிறகு திரும்ப வாசித்தேன். சியாட்டிலிலும் றொசல்லயிலும் ஒரே பயம்.

பலன் எவ்வளவு? 2019இல் வெளியான ஆய்வில் 168 பேர், ஆறு மாதம். சீனி 70க்கும் 180க்கும் நடுவில் இருக்கும் நேரத்தைத்தான் இப்போது நாங்கள் அளக்கிறோம். தானியங்கி முறையில் இருந்தவர்களுக்கு அது 61 வீதத்திலிருந்து 71 வீதமாகியது. மற்றவர்களுக்கு 59இலேயே நின்றது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் கூடுதலாக நல்ல அளவில். அதிகம் திருந்தியது பின்னிரவிலும் விடியலிலும்.

பயிற்சிக்காக நான் இங்கிலாந்தில் இருந்த வருடம், பம்ப் போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளையின் தாய் கிளினிக்கில் வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. "டொக்டர், நான் நேற்று ஏழு மணித்தியாலம் தூங்கினேன்" என்றார். அடுத்த நிமிடம் குறையும் சொன்னார். சாப்பாட்டுக்கு முன் எத்தனை கிராம் மாப்பொருள் என்று பம்புக்குச் சொல்ல வேண்டும். கொடுத்த புத்தகத்தில் பாண், பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கிறது, புட்டும் ரொட்டியும் இல்லை. அன்று மாலை என் அறையில் தராசு வைத்து மா நிறுத்தேன். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாப்பொருள். அதில் எத்தனை ரொட்டி சுடுகிறீர்கள் என்று எண்ணிப் பிரித்தால் கணக்கு வந்துவிடும். முழுத் தானியங்கி என்று விளம்பரம் சொல்லும். இன்னும் அப்படியில்லை. சாப்பிடப் போவதை மனிதர்தான் சொல்ல வேண்டும். குழாய் மடிந்தாலோ அடைத்தாலோ மனிதர்தான் கவனிக்க வேண்டும். பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்து தீரும் இன்சுலின் மட்டும். நின்றுபோனால் சில மணித்தியாலத்திலேயே இரத்தத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். பம்ப் போட்டிருப்பவர் வீட்டிலும் ஊசியும் இன்சுலின் போத்தலும் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2023 டிசம்பரில் முதலாம் வகைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதுவந்தவர்களில் பலருக்கும் இதை அரசாங்கமே கொடுக்க வேண்டும் என்று முடிவாகியது. ஐந்து வருடத் திட்டம், 2024 ஏப்ரலில் தொடங்கியது. நம் நாட்டில் இன்சுலின் அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். அது சிறிய விடயமல்ல. பணக்கார நாடுகளிலேயே இன்சுலின் வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பம்ப் பல இலட்சம். அதைவிட, மாதாமாதம் மாற்ற வேண்டிய குழாயும் சென்சரும். தோட்டத்துச் சம்பளத்தில் விரலில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்பே ஆடம்பரம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் கிளினிக்கில் பம்பைப் பற்றிக் கனவுகூடக் காணவில்லை.

தோழிக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் பட்ச்சில் லண்டனில் இருக்கும் ஒருத்தி விஷயம் கேட்டு, இரண்டு சென்சர் வாங்கி ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். முதலாவதை ஆசையோடு ஒட்டினோம். தோழியின் கைத்தொலைபேசி பழையது. அந்த மென்பொருள் அதில் ஏறவேயில்லை. ஒட்டிய சென்சரை மறுபடி பயன்படுத்த முடியாது. குப்பைத்தொட்டிக்குப் போனது. நான் அவசரப்பட்டதுதான் காரணம். பிறகு வாசிக்கும் கருவி ஒன்றைத் தனியாக வரவழைத்தோம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கருவியைச் சென்சருக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும். பதினான்கு நாளும் ஒரு தடவையும் தவறவில்லை. நேரம் பார்த்துக்கொடுத்தது மகள்.

வரைபடத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். முழு ஊசி போட்ட இரவுகளில் கோடு பன்னிரண்டு மணியிலிருந்து சரிந்து 60க்குக் கீழே போயிருந்தது. பிறகு சீனித் தண்ணியும் பிஸ்கட்டும், விடியும்போது 250. பாதி ஊசி போட்ட இரவுகளில் கோடு ஏறியபடியே விடிந்தது. இரண்டுக்கும் காலையில் ஒரே எண். அந்த ஒரே எண்ணைப் பார்த்து நான் மாதாமாதம் டோஸைக் கூட்டியிருக்கிறேன். கலப்பு இன்சுலினை அவள் மாலை ஆறரைக்குப் போடுவாள்; நம் வீடுகளில் சாப்பிடுவது ஒன்பது மணிக்கு. அதில் உள்ள மெதுவான பகுதி உச்சத்துக்கு வருவது சரியாக நடுச்சாமத்தில். அதைப் பிரித்தோம். விரைவானதைச் சாப்பாட்டுக்கு முன், மெதுவானதைப் படுக்கப் போகும்போது, மொத்த அளவையும் குறைத்து. எல்லாம் அரசாங்க வைத்தியசாலை மருந்துப் பிரிவில் இலவசமாகக் கிடைக்கும் அதே இன்சுலின்தான். (இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் தாமாக மாற்றிப் போடாதீர்கள். உங்கள் வரைபடம் வேறு.) நடுச்சாம வியர்வை நின்றுவிடவில்லை, மாதத்தில் ஒன்றிரண்டு இன்னும் உண்டு. முழு டோஸைப் போடும் தைரியம் வந்திருக்கிறது. மகள் தன் கட்டிலில் படுக்கிறாள்.

அதனால் வெளிநாட்டுத் தோழிகளிடம் சில காரியம் கேட்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பம்ப் வாங்கிக் கொடுக்கலாம் என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். நல்ல மனம். ஆனால் மூன்று வருடத்துக்காவது மாதச் சாமான்களுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைத்த பிறகு கேளுங்கள். பாதியில் நின்ற பம்ப் ஊசியை விட ஆபத்து. அதே பணத்தில் வாசிக்கும் கருவி இரண்டும் சென்சர்களும் ஒரு கிளினிக்குக்குக் கொடுத்தால், வருடத்துக்கு இரண்டு தடவை ஆளுக்குப் பதினான்கு நாள் என்று சுற்றி வரும். ஸ்ட்ரிப் அனுப்புகிறவர்கள் இங்கே இருக்கும் மீட்டரின் பெயரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மீட்டருக்குப் பொருந்தாத ஸ்ட்ரிப் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. திகதியையும் பாருங்கள்.

அதிபர் அவர்களிடமும் ஒன்று. பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது நல்ல விதி. சென்சர் போட்ட பிள்ளைக்கு அது தொலைபேசி அல்ல, மீட்டர். அந்தப் பிள்ளைக்கு மட்டும் விலக்கு வேண்டும். வகுப்பில் டொபி சாப்பிடவும் அனுமதி வேண்டும். ஒவ்வொரு வகுப்பாசிரியையின் மேசை லாச்சியிலும் குளுக்கோசு பக்கற் ஒன்று இருந்தால் நல்லது. வகுப்புத் தலைவிமாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தேத்தண்ணி வேளையில் நூலக அறையில் அந்த வாசிக்கும் கருவியையும், கழற்றிய பழைய சென்சர் ஒன்றையும் வைத்திருப்பேன். தொட்டுப் பார்க்கலாம். தோழியும் அங்கே வருவாள். கேள்வி கேட்க நினைப்பவர்கள் என்னை விட அவளிடம் கேட்பது நல்லது. பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கும். உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில் இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால், தோட்டத்தின் பெயரையும் எந்த மீட்டர் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.